எங்கே அறுந்தால் சம்மதம்

ஹிராடோ துறைமுகக் கடையில்
ஷிசுயே முதலில் விலை சொல்வதில்லை.
"போன தடவை எது போயிற்று?" என்பாள்.

கோல் முறியவில்லை. ரீல் கதறியது, அவ்வளவுதான்.
எண்பது பவுண்டு நூல்
பாறையில் உரசி
முடி போலச் சுருண்டு வந்தது.
மிச்ச நாற்பது மீட்டரை
மீன் இன்னும் இழுத்துத் திரியும்.

முந்நூறு கிராம் ஜிக்கை
உள்ளங்கையில் வைத்தாள்; கை தாழ்ந்தது.
"நீரோட்டம் இதைவிடக் கனம்."

பத்து கிலோ அரிசி மூட்டையை நூலில் கட்டிப்
பிரேக்கைத் திருகினாள்,
மூட்டை எழுவதா வேண்டாமா என்று
தயங்கும்வரை.

"தடித்த நூல் கேட்காதே.
எங்கே அறுந்தால் சம்மதம், அதைச் சொல்."

வெளியே படகு
இரண்டாம் முறை ஹாரன் அடித்தது.

"முடிச்சில்" என்றேன்.

"மீன் பக்க முடிச்சா,
உன் பக்கமா?"