தோள்பட்டைத் துணி

தியத்தலாவை முகாம் ஆஸ்பத்திரியில் அப்போது
பொத்தான் தைக்கிற வேலை எனக்கு.
பர்மாவில் சண்டை விமானம் ஓட்டி
மலேரியாவோடு வந்த போலந்துக்காரன்,
பெயர் ஸ்பிக்னியெவ்.
வார்டே அவனை ‘சிக்னல்’ என்றுதான் கூப்பிட்டது.

சட்டையை என் மெஷின்மேல் விரித்தான்.
தோளில் இரண்டு விரல் அகலத்தில்
அவன் நாட்டின் பெயர்,
ஒரு மூலை பிய்ந்து.
இரட்டை நூல் போட்டேன்.
போதாது, இன்னும் என்றான் சைகையில்.

ஜெர்மன்காரன் விழுந்த சேதி வந்த ராத்திரி
வெள்ளைக்காரர்கள் மேசையில் ஏறி ஆடினார்கள்.
இவன் மட்டும் வெளியே, சைப்ரஸ் மரத்தடியில்,
ஹப்புத்தளைப் பக்கம் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி.
ஊருக்கு எப்போது என்றேன்.
ஊரின் குறுக்கே
வேறு யாரோ கோடு கிழித்துவிட்டார்களாம்.

கோடு கிழித்தால் ஊர் எங்கே போகும்?
குளிர்காய்ச்சலில் உளறுகிறான் என்று
போர்வை எடுத்துக் கொடுத்தேன்.

நாலாம் வருஷம்
பதுளைக் கச்சேரி வரிசையில் நான்.
அப்பன் இங்கே பிறந்த சான்று கேட்டார் கிளார்க்.
அப்பனைப் புதைத்த
தேயிலை மலையின் நம்பரைச் சொன்னேன்.
அது செல்லாது என்றார்.

பஸ்ஸில் குனிந்தபோது
சட்டைப் பையில் ஊசி குத்தியது.
நூலும் இருந்தது, இரட்டையாய்க் கோர்த்தபடி.