மூன்றரை மில்லிமீட்டர் ஓட்டை

கையில் இருநூற்று எண்பது யூரோ.
அதில் முப்பது தங்கச்சியிடம் கடன்.
வட்டியாக, படத்தில் ஒருதரம்
அவள் வந்து கதவைத் திறப்பாளாம்.

வுப்பெர்டாலில்
தொங்குரயில் தலைக்குமேல் போகிற தெருவில்
பழைய கமராக்கள் விற்கிற கடை.
யோர்டிஸ் வெங்காயப் பாண் தின்றபடி
மூன்றை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள்.
விளக்கம் ஒன்றுமில்லை.
விலைச்சீட்டுகளை என் பக்கம் திருப்பினாள், அவ்வளவுதான்.

முதலாவது அழகன்.
பின்னால் இருப்பதையெல்லாம் புகையாய்க் கரைத்து
முன்னால் நிற்பவனைக் கடவுளாக்குவான்.
இருநூற்று அறுபது.
லென்ஸ் தனி விலை.
கண் திறக்காத சாமியை
அடுத்த சம்பளம் வரை அலுமாரியில் வைத்துக் கும்பிடலாம்.

இரண்டாவது உள்ளங்கைக்குள் அடங்கியது.
அடையாள அட்டையைப் பணயம் வைத்து
ஓபர்பார்மென் வரை கொண்டுபோனேன்,
ரயில் ஜன்னலோடு ஒட்டிப் பிடித்தபடி.
போட்டுப் பார்த்தால்
நூறு வருச இரும்புத் தூண்களெல்லாம்
ஒருபக்கமாய்ச் சாய்ந்து நிற்கின்றன,
கலியாண மண்டபத்தில் மூன்றாவது கிளாசுக்குப் பிறகு
ஆட வருகிற சித்தப்பாக்கள் மாதிரி.
எனக்கென்றால் அந்தச் சாய்வு பிடித்திருந்தது.
மலிவான கண்ணுக்கும் ஒரு கற்பனை உண்டு.
ஆனால் அதன் விலாவெல்லாம் தடவியும்
மைக் செருக ஒரு ஓட்டை இல்லை.

றொபின்சன் அண்ணை போனில் சொன்னார்:
“என்ரை பழசைச் சும்மா தாறன் பிள்ளை,
நாப்பது சாமத்தியவீடு கண்ட கமரா.”
தெரியும் அண்ணை.
விட்டால் அது பழக்கதோசத்தில்
தானாகவே தங்கச் சங்கிலிக்குக் கிட்டப் போகும்.
என் படத்தில் ஒருவரும் பட்டு உடுத்தவில்லை.

என் படம் பன்னிரண்டு நிமிடம்.
காசு போட்டுத் தோய்க்கிற கடையில் கஜீபன்.
நாளை மறுநாள் அதிகாரி கேட்கப்போவதற்கு
சுழலும் மெசினின் வட்டக் கண்ணாடியைப் பார்த்து
பதில் சொல்லிப் பழகுகிறான்.
பிறந்த திகதி உரத்து வரும்.
கடந்துவந்த நாடுகள், வாய்ப்பாடு மாதிரி.
“பிறகு என்ன நடந்தது?”
அந்த இடத்தில் குரல் இறங்கிவிடும்.
நடிப்பில்லை. அவனுக்கே அது தெரியாது.
மனப்பாடத்துக்கு ஒரு சத்தம் வைத்திருக்கிறான்;
நடந்தது வந்தால்
சட்டைக் கொலருக்குள் கதைக்கிறான்.

கமராவின் சொந்தக் காது
மெசின் சுற்றுவதைத்தான் கேட்கும்.
அந்தக் கொலருக்குள் நெல்மணியளவில்
இன்னொரு காது வைக்கவேணும்.

மூன்றாவது சாம்பல் நிறம்.
கம்பனியின் பெயர் பாதி உரிந்துவிட்டது.
இருட்டில் எடுத்தால் படம் முழுக்க ரவை தூவும்.
திரையில் ஒரு கீறல்,
சரியாக ஆட்களின் நெற்றி வருகிற இடத்தில்.
ஆனால் இடப்பக்கம்
றப்பர் மூடியை நகத்தால் நெம்பினால்
சின்னதாய், கறுப்பாய்,
மூன்றரை மில்லிமீட்டரில் அது இருந்தது.

ஹெட்போனை மாட்டினேன்.
யோர்டிஸ் குட்டி மைக்கைக் கழுத்தில் குத்திக்கொண்டு
வாயில் பாணோடு
கடையின் கடைசி மூலைவரை நடந்தாள்.
மேலே ரயில் போனது.
அவள் விழுங்கியது எனக்குக் கேட்டது.

கீறலைக் காட்டிப் பேரம் பேசினேன்.
இருநூற்று நாற்பது, இருநூற்று இருபதானது.
மைக்குக்குப் பதினெட்டு.
பன்னிரண்டு தோய்க்கிற மெசினுக்கு,
ஒரே போர்வையை மூன்றுதரம் தோய்க்கவேண்டி வரும்.
மிச்சம் முப்பது.
கடனை அன்றைக்கே தீர்த்திருக்கலாம்.
இன்னொரு பட்டரி வாங்கிவிட்டேன்.

ஆகவே ஞாயிறு காலை ஏழுமணிக்கு
தங்கச்சி வந்து கதவைத் திறப்பாள்,
எங்கே திறக்கவேணுமென்று அவளே முடிவெடுத்திருக்கிறாள்:
“பிறகு என்ன நடந்தது” என்கிற இடத்தில்.
தெருச் சத்தமெல்லாம் உள்ளே வரும்.
அப்போதும் கேட்குதா என்று
பார்க்கவேணும்.