வெய்யில் பக்கம்

பீல் ஆஸ்பத்திரி நிலக்கீழ்ச் சலவைக்கூடத்தில்
எனக்கு இது பதினோராம் வருடம்.
இரத்தத்தில் வெய்யில் எவ்வளவு என்று அளக்கலாமாம்.
எனக்குப் பதினெட்டு.
குறைந்தது ஐம்பது வேணும் என்றார் டொக்டர்,
கணக்கில் கோட்டைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல்.

குடை பிடித்து, பவுடர் பூசி, ஓரமாக நடந்து
கறுக்காமல் காத்த தோல்.
இந்த ஊர் வெய்யிலை அது
உள்ளே எடுப்பதற்குள் பொழுது பட்டுவிடுகிறதாம்.
முழங்கால் நோவுக்கு
நான் படிக்கட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தை மாதம் ஏரியை மூடுபனி விழுங்கினால்
கம்பி ரயிலேறி மாக்லிங்கனுக்குப் போவேன்.
பத்து நிமிடத்தில் நீலம்.
மஃப்ளரை அவிழ்த்து
கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன்.
"அந்த வெய்யில் மனசுக்கு மட்டும்தான்."
சாய்ந்த கதிரில் சத்தில்லையாம்.
எண்ணெய்த் துளி எழுதித் தந்தார்.
கரண்டியில் எண்ணி விழுங்குகிறேன்.
மேலே போவதையும் விடவில்லை.

சித்திரை பிறந்தால் பின்வாசல் வாங்கு எங்களுக்கு.
ரெகுலாவின் மூக்கில் நாலு தையல்.
முத்துப்போல ஒரு பொட்டு,
ஆறுவதும் உடைவதுமாய் ஒரு வருடம்,
கடைசியில் வெட்டி எடுத்தார்கள்.
அப்பாவின் புல்வெளியில் பதினைந்து கோடை,
பிறகு பனிச்சறுக்கு, பிறகு கிரேக்கக் கடற்கரை.
"எண்ணெய் பூசிக்கொண்டு படுப்போம்,
நன்றாக வறுபட."
சிரித்தாள். தையல் இழுத்தது. நிறுத்தினாள்.

வெய்யில் பக்கம் நான்.
செஸ்நட் நிழலில் அவள், தொப்பியோடு.
நிழல் சொன்ன இடத்தில் இருக்குமா?
ஊர்ந்து வந்து என் மடியில் ஏறியதும்
"சுபோ, எழும்பு" என்பாள்.
இடம் மாறுவோம்.

வீடியோவில் மச்சாள்:
"என்னடி இப்பிடிக் கறுத்துப்போனாய்,
ஆவணியில கலியாணம்!"
கமராவை ரெகுலா பக்கம் திருப்பினேன்.
"ஐயோ, என்ன வெள்ளை" என்றாள் மச்சாள்.
தையல் அவள் கண்ணில் படவேயில்லை.

நேற்று நிழல் வந்தது, நான் எழும்பவில்லை,
தள்ளித் தள்ளி வெய்யிலோடேயே போனேன்.
அரைமணி தாண்டியதும் ரெகுலா
தன் க்ரீமை என் புறங்கையில் பிதுக்கினாள்.
"கறுப்பென்றால் விலக்கு இல்லை. பூசு."
தேய்த்தேன், தேய்த்தேன், போகவில்லை.
இரண்டு கையிலும் திருநீறு.

கீழே மூன்றாம் மெஷின் மணியடித்தது.
இறங்கிப் போனோம்,
ஒருநாளும் வெய்யில் காணாத
விரிப்புகளை உதறி மடிக்க.