பதினைந்து குதிரையின் கால்

கீழ் ஸ்குரூவைக் கழற்றினேன்.
கறுப்பாய் வரவேண்டிய ஒயில்
பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது.
தண்ணி உள்ளே போயிருக்கிறது.
எந்த வழியால் என்பதுதான் கேள்வி.

சுனாமிக்குப் பிறகு
யாரோ ஒரு நாட்டுக்காரர் தந்த எஞ்சின்.
கொடி ஒட்டியிருந்த இடத்தில்
இப்போது பசை மட்டும், ஒரு சதுரமாய்.
மூன்று கை மாறி என்னிடம் வந்தது.
ஒவ்வொரு கையும் தன் பாட்டுக்கு
ஒரு நட்டை மாற்றிப் போட்டிருந்தது;
ஒரு சாவி இரண்டு நட்டுக்கு ஒத்துவராது.

ஒரு மாதமாய்
பின்னுக்குப் போடும்போது பல்லை நறநறவென்று கடித்தது.
முன்னுக்குப் போகிறதுதானே என்றிருந்தேன்.

பாலமீன்மடுக் கரையில்
இரண்டு மரக்குற்றிக்கு நடுவே எஞ்சின்.
சுகிர்தமலர் டோர்ச் பிடித்தாள்.
ஒவ்வொன்றைக் கழற்றும்போதும்
"மறுகா?" என்றாள்.

பிரி ஊசி பாதி முறிந்து வந்தது.
இதழுக்கு இடையில் விறகுத் துண்டு கொடுத்து
நட்டை அசைத்தேன்.
விசிறி கழன்றது.
"மறுகா?"
வோஷருக்குப் பின்னால்
பச்சையாய் ஏதோ.

தங்கூசி.
தண்டைச் சுற்றிச் சுற்றி
சூட்டில் உருகி மோதிரமாய் இறுகி
சீலின் உதட்டை அறுத்து வைத்திருந்தது.

கத்தி முனையால் கிளப்பிக் கொடுத்தேன்.
நகத்தால் பிரித்தாள்.
உருகாத நுனியில் நாலு கண்ணி மிச்சம்.
கூலிக்கு வலை பொத்துகிறவள்
டோர்ச்சை அதன்மேல் திருப்பினாள்.
என் கை இருட்டில் நின்றது.

"இது நான் போட்ட முடிச்சு.
மரியசீலன்ட வலை."

லைட் இல்லாமல் வாவிக்குள் வந்த இரவு.
எஞ்சின் ஒருதரம் தொண்டை அடைத்துப்
பிறகு விட்டது.
பாசி என்று நினைத்தேன்.
பாசி என்று நினைத்துக்கொண்டேன்.
விடிய, ஐஸ் கடையடியில்
அரைவாசி வலையைத் தூக்கிக் காட்டி
"ஆராச்சும் கண்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.
மாமாங்கத்தாரில் ஆணை என்றது நான்.
அவன் ஆணை கேட்கவே இல்லை.

மறுநாள் ஓட்டமாவடிக்கு பஸ் ஏறினேன்.
நிஃமத்துல்லா பழைய சீலைத் தடவிப் பார்த்து
"ரெண்டு போடணும், முதுகுக்கு முதுகு.
ஒண்டு ஒயில வெளிய விடாது,
மத்தது தண்ணிய உள்ள விடாது" என்றார்.
எவனோ முன்பு ஒன்றுதான் போட்டிருக்கிறான்.

கிறீஸ் பூசி, குழாய்த் துண்டை மேலே வைத்து
சுத்தியலால் மெல்ல மெல்ல.
ஒயிலைக் கீழ்த் துளையால்தான் ஏற்ற வேண்டும்,
மேல் துளையில் குமிழி நின்று
சுத்த ஒயில் எட்டிப் பார்க்கும் வரை.
மேல் வாயை முதலில் மூடினால்
கீழ் வாய் ஒழுகாது.
இது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

சுகிர்தமலர் ஒன்றும் கேட்கவில்லை.
கண்ணி நாலையும்
வெறும் கிறீஸ் டின்னில் சுற்றி
படகின் முன்பலகையில் வைத்துவிட்டு
வீட்டுக்குப் போனாள்.

கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுவையில் பிடித்தது.
பின்னுக்குப் போட்டேன்:
சத்தமே இல்லை.
முன்னுக்கு.
டின் பலகையில் உருண்டு
என் காலடிக்கு வந்தது.

மரியசீலனின் இறங்குதுறை
இங்கிருந்து மூன்றாவது.
ஒரு மாதமாய் அதை
முழு வேகத்தில்தான் கடந்திருக்கிறேன்.
குந்தியிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான்.
எஞ்சினை நடுவில் விட்டேன்.
மிச்சத் தூரத்தைப்
படகு தானாய்ப் போனது.