பழையபடி

வாலிநோக்கம் உப்பளத்தில் எடைமேடைக் கணினி
முந்தாநாள் மதியம் படுத்துவிட்டது.
"பழையபடி ஆக்கிக் குடுங்க சுலைகா, வேறொண்ணும் வேண்டாம்"
என்றார் மேலாளர் பூமிராஜன், போனில்.

சிக்கலில் இருந்து ஒன்பதரை பஸ்.
பையில் திருப்புளி, பெயின்ட் பிரஷ், புது பேட்டரி ஒன்று,
மூடி தொலைந்த ரெண்டு ஜிபி பென்டிரைவ்.
அதற்குள் எக்ஸ்பி.
பெற்ற கம்பெனியே கைகழுவிய எக்ஸ்பி.
புதுசு எதைப் போட்டாலும் எடைபார்க்கும் மென்பொருள் ஓடாது.
அதை எழுதிய கோயம்புத்தூர்க்காரரின் எண்
உபயோகத்தில் இல்லை.

மூடியைக் கழற்றினால்
திருகாணிகள் கருவாட்டுக் கண்போல வெளுத்திருக்கின்றன.
மதர்போர்டில் பொடிப்பொடியாய் ஒரு பூப்பு.
பிரஷால் தட்டினேன்.
நாக்கில் வைத்துப் பார்க்காமலே தெரிந்தது.
பழைய பேட்டரி செத்து
அதற்கு இன்னும் 2002, ஜனவரி ஒன்று.
மாற்றிவிட்டுத் தேதியைச் சொன்னேன்,
மறுபேச்சில்லாமல் நம்பியது.

முன்பக்க யுஎஸ்பி துளை துருவில் அடைந்துவிட்டது.
பின்பக்கம் செருகினால்
பென்டிரைவை ஹார்டு டிஸ்க் என்று நினைத்துக்கொள்கிறது.
நினைக்கட்டும், அப்போதுதான் எழும்.
முதல் தடவை நீலத்திரை.
இரண்டாம் தடவையும்.
பயாஸில் ஒரு வரியைப் பழைய முறைக்கு மாற்றி
மூன்றாம் தடவை பிஸ்மி சொல்லித் தட்டினேன்.
அழிக்கவா என்று கேட்டது.
எடை மென்பொருளின் போல்டரை ஏற்கெனவே நகல் எடுத்தாயிற்று.
அழி.

இன்னும் முப்பத்தொன்பது நிமிஷம் என்கிறது.
எந்த ஊர் நிமிஷமோ,
பதினேழு வருஷமாய் எனக்கு விளங்கவில்லை.
வெளியே ஏழு டிராக்டர் வரிசையில்.
டிராக்டர் நிழலில் பாரம் ஏற்றுகிற பெண்கள்.
இருளாயி ஜன்னலில் எட்டிப்பார்த்தாள்:
"என்னா, மிஷினுக்குக் காய்ச்சலா?"
நேரம் எந்த ஊர் என்று திரை கேட்டது.
சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி.
வாலிநோக்கத்துக்கு அதில் பெயர் கிடையாது,
நேரம் மட்டும் உண்டு.

பச்சை மேடும் நீல வானமும் வந்தபிறகு
மென்பொருளை ஏற்றினேன், புதிதாக, அதன் சிடியிலிருந்து.
ஒன்பது முள் கேபிளைத் தேடிப் போனால்
சுவரில் சிவப்பு எண் காட்டும் பெட்டியை
போன வருஷக் காலண்டர் மூடியிருந்தது.
கழற்றிக் கீழே வைத்தேன்.

முதல் டிராக்டர் ஏறியது.
வெற்று வண்டி கழித்து ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது.
திரையில் அதே எண். சீட்டிலும்.
பூமிராஜன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"எடை கூடுதே...
பழைய பைல் எதுவும் எடுத்து வச்சிருக்கீங்களா?"

பென்டிரைவில் திறந்து பார்த்தேன்.
அமைப்புக் கோப்பு, பதினோராம் வரி.
திருத்தம் என்று இங்கிலீஷில் ஒரு சொல்,
ஒரு சமக்குறி,
மைனஸ் அறுபது.

நடைக்கு அறுபது கிலோ.
நாளைக்கு இருபத்திரண்டு நடை.
கூலி டன் கணக்கில்.
மழை மாசங்களைக் கழித்து எத்தனை வருஷம் என்று
பெருக்கிக்கொண்டே போனவள்
பாதியில் நிறுத்தினேன்.
அவர் மேசையில் ரெண்டு ஐந்நூறு தாள் வைத்தார்,
என் கூலி எண்ணூறுதான்.
"பழையபடி" என்றார் மறுபடியும்,
இந்தத் தடவை மெதுவாக.

இருளாயி சீட்டை வெளிச்சத்தில் பிடித்து
"இன்னைக்கு உப்பு கனக்குது போல" என்று
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த பைல் கெட்டுப்போச்சு சார்" என்றேன்,
"உப்பு ஏறிடுச்சு."

மீதி இருநூறை எண்ணி வைத்தேன்.
நாளைக்கே கீழக்கரையிலிருந்து வேறொருவரைக் கூப்பிடுவார்,
அவருக்கும் பஸ் இருக்கிறது.
பென்டிரைவைப் பைக்குள் போட்டேன்,
அந்த வரி அதற்குள் பத்திரமாய் இருக்க.

வாசலில் செருப்பு மாட்டும்போது
காலண்டரை எடுத்த இடத்தில் மாட்டச் சொன்னார்.
ஆணி துருப்பிடிச்சுப்போச்சு, தாங்காது என்றேன்.
அது மட்டும் பொய்யில்லை.