பால்சர்க்கரை

குதாய்சி ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம்.
எந்தக் குப்பியில் பால்சர்க்கரை என்பது
எனக்கு மட்டும் தெரியும்.
மேலே டாக்டர் நெஸ்டானுக்குக்கூடத் தெரியாது.

கூட்டத்தில் எலிஸ்பார் கணக்குப் போட்டார்:
பழைய மருந்தோடு புதியதை நிறுத்தினால்
ஆயிரத்து எண்ணூறு பேர் வேண்டும்.
இரண்டும் சமம் என்றே வந்தாலும்
இரண்டும் வேலை செய்தனவா,
இரண்டுமே சும்மா இருந்தனவா,
யார் கண்டது?
வெறும் மாத்திரையோடு என்றால்
இருநூறு போதும்.

கணக்கில் பிழையில்லை.
நானும் கை தூக்கினேன்.

ஐம்பத்தேழாம் எண்காரர் தெய்முராஸ், பஸ் ஓட்டுநர்.
அவசரத்துக்கு நீல இன்ஹேலர் கொடுத்திருக்கிறோம், விதிப்படி.
நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்:
"விடிகாலை மூன்று மணி. ஜன்னலைத் திறந்தேன்.
மூச்சு ரியோனி ஆற்றுக்கு அக்கரையில்
பஸ்ஸைத் தவறவிட்டதுபோல் நின்றது.
இன்ஹேலர் ஆறு தடவை."
அதற்குக் கீழே, வேறு மையில்:
"நல்ல மருந்து. முன்னைக்குத் தேவலை."

அந்தக் கடைசி வரியை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

அடுத்த ஆய்வுக்கு வாக்கெடுப்பு வியாழக்கிழமை.
ஆயிரத்து எண்ணூறு பேருக்குப்
பணம் எங்கே என்பார் எலிஸ்பார்.
புதிய மருந்து ஐந்து வருடம் தாமதமானால்
அந்த ராத்திரிகளுக்கு யார் பொறுப்பு என்பார்.
என்னிடம் பதில் இல்லை.

தெய்முராஸின் குப்பியை மறுபடி நிரப்புகிறேன்,
ஒரு மாத்திரைகூடக் குறைந்துவிடாதபடி
இரண்டு முறை எண்ணி.