அரைப்பேர்

நோர்வுட் சந்தியில் பழைய புத்தகத்துக்கு
நூற்றைம்பது சொன்னார். நூற்றிருபதுக்கு இறங்கினார்.
ஆளுக்கு அறுபது.
முதுகு முன்னமே பிளந்திருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ரூலரை வைத்து
கோகிலவாணி ஒரே இழுப்பு.
முன்பாதி மேல்கணக்குக்கு, அவளோடு.
பின்பாதி கீழ்கணக்குக்கு, என்னோடு.

நான் உள்ளே நுழைந்தபோது
எல்லாருக்கும் கல்யாணம் முடிந்திருந்தது.
யாரையோ யாரோ மன்னிக்காமல் இருந்தார்கள்.
கடிதம் எரிந்தது அவள் பாதியில்,
சாம்பல் என் பாதியில்.
மிஸஸ் ட்ரெவில் ஜன்னலருகே நின்றாள்,
இரண்டு அத்தியாயம் நின்றாள்,
கையுறையைக் கழற்றாமல்.

பரீட்சையில் நான் எப்போதும் கோட்டைவிடும்
அந்த 'ஹாட் பீன்'
அங்கேதான் பிடிபட்டது.
நாம் வருமுன்னே நடந்து முடிந்தவற்றுக்கு
தனியாக ஒரு காலம் வைத்திருக்கிறார்கள்.
லயத்தில் பிறந்தவளுக்கு
இதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஹட்டன் பஸ்ஸில் அவள் சொன்னாள்:
"வினிஃப்ரெட்டுக்கு வாய் கொஞ்சமில்லை.
மரமேறி ஆப்பிள் திருடுறா, பாதிரியாரிடமே பொய் சொல்றா."
"என் பாதியில் அப்படி ஒருத்தியும் இல்லை," என்றேன்.
"செத்திருப்பாள்."
டிக்கோயா வரை சண்டை.
பிறகு அவள், மெதுவாக:
"மரத்திலிருந்து விழுந்து
இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு."

கையுறை.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி
ஒரு மலையை எடுத்துக்கொண்டு
இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்தது.
நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

அன்றைக்கு அம்மா பதினான்கு கிலோ.
கேட்டது பதினெட்டு.
"அரப்பேருதான் போட்டான்," என்று
கொழுந்துக் கறை விரலை
சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள்.
போகவில்லை. எப்போதும் போவதில்லை.
செக்ரோலில் அவளுக்கு ஒரு நம்பர்.
முழுப்பெயர் மீனலோசனி என்பதை
என் பிறப்புச் சான்றிதழில்தான் நானே படித்தேன்.

இரவு பென்சிலைச் சீவிக்கொண்டு
மிஸஸ் என்று வந்த இடமெல்லாம்
வினிஃப்ரெட் என்று எழுதினேன்.
நூற்றுப் பதினொரு இடம்.
கை வலித்தது.

திங்கட்கிழமை கட்டுரை: 'என் அம்மா'.
வகுப்பே 'இருக்கிறாள்' என்று தொடங்கியது.
நான் 'ஹாட்' போட்டுத் தொடங்கினேன்,
எனக்கு முன்னால்
அவள் ஏறிய மரங்களைப் பற்றி,
ஏறியிருந்தால்.

காலம் பிழை என்று
சிவப்பில் வட்டம் போட்டுத் தந்தார் சேர்.
திருத்திக் கொடுக்கச் சொன்னார்.
இன்னும் கொடுக்கவில்லை.